பக்கத்தில் எந்த மாட்டைக் கட்டியிருக்கிறீர்கள்?

பொள்ளாச்சிக்கு மேற்கே கேரள எல்லையில் இருக்கும் கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டி கொழிஞ்சாம்பாறைப் பக்கம் போனால் பஸ் போர்டுதான் மலையாளம், கட்டுத்தரையில் பேச்செல்லாம் நம்ம கொங்குத் தமிழ்தான். அங்கே ஒரு ஆத்தா போன மழைக்காலத்தில் மாட்டுக்கு வைத்தியம் பார்க்க என்னைக் கூப்பிட்டிருந்தார். பொள்ளாச்சிச் சந்தையில் பிடித்து வந்த கலப்பின மாடு, இரண்டாம் ஈத்து, வேளைக்கு 7 லிட்டர் என்று சொல்லி விற்றிருக்கிறார்கள், வீட்டுக்கு வந்து நாலு நாளாகியும் 2 லிட்டரைத் தாண்டவில்லை. "ஏமாத்திப்போட்டாங்க அம்மிணி, ஒரு ஊசியப் போட்டு உடு, பாலு எறங்கட்டும்" என்றார்.

காய்ச்சல் இல்லை, 101.5 டிகிரி, மாட்டுக்கு அது சாதாரணம். நாலு காம்புப் பாலையும் தட்டில் விட்டு மடிநோய்ச் சோதனை செய்தேன், ஒன்றிலும் கெட்டிப்படவில்லை. அசை போடுகிறது, ஆனால் கொஞ்சமாக. சரி, மருந்துப் பையை மூடிவிட்டு அந்த வாசல் திண்ணையிலேயே உட்கார்ந்து தீனி வைக்கச் சொன்னேன். மூன்று மாடு, ஒரே வரிசை. வாசலோரம் ஒரு செவலைக் கிடேரி, நடுவில் ஆத்தாவின் பழைய கொம்பு மாடு, சுவரோரம் புது மாடு. தவிடும் புண்ணாக்கும் தொட்டியில் விழுந்த உடனே கொம்புக்காரி தலையைத் தூக்கக்கூட இல்லை, காதைப் பின்னால் மடித்து லேசாகத் திரும்பினாள், அவ்வளவுதான். புது மாடு இரண்டடி பின்வாங்கி, தும்பு இழுபட இழுபட, சுவரோடு ஒட்டி நின்றுவிட்டது. முட்டு இல்லை, சத்தம் இல்லை. தீனி போட்டுவிட்டு உள்ளே போகிறவர் கண்ணில் இது எப்படிப் படும்?

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த 7 லிட்டரே முழு உண்மையாக இருந்திருக்காது. சந்தைக்கு முந்தின வேளை கறக்காமல் விட்டு மடியைப் பெரிதாகக் காட்டுவது ஊரறிந்த தொழில், வாங்குகிறவர் பாதியைக் கழித்துத்தான் கணக்குப் போட வேண்டும். ஆனால் அதைக் கழித்தாலும் 2 லிட்டர் ரொம்பக் குறைவு.

மாடு பாலை அடக்குகிறது என்று நாம் சொல்வதை, மாடு வேண்டுமென்றே திருட்டுத்தனம் பண்ணுவதுபோல நினைத்துக்கொள்கிறோம். மடியில் இருக்கும் பாலில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்குதான் காம்புக்கு மேலே உள்ள அறையில் கையைப் பட்டதும் வரத் தயாராக இருக்கும், மீதியெல்லாம் உள்ளே சின்னச் சின்னப் பைகளில் தங்கியிருக்கும். அதைப் பிழிந்து இறக்க மூளையிலிருந்து ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் வந்தாக வேண்டும். கன்று முட்டும்போது, மடியைக் கழுவித் தேய்க்கும்போது அது சுரக்கும், ரத்தத்தில் சில நிமிடம்தான் நிற்கும். பழக்கமில்லாத இடத்தில், பழக்கமில்லாத மாடுகளுக்கு நடுவில், மூளை அதை வெளியே விடுவதே இல்லை. போதாக்குறைக்கு மிரண்டால் அட்ரினலின் வேறு ஏறி, வந்த கொஞ்சத்தையும் மடியில் வேலை செய்ய விடாது. இதில் மாட்டின் இஷ்டம் எங்கே இருக்கிறது? ஆத்தா கேட்ட அந்த ஊசியும் ஆக்ஸிடோசின்தான். போட்டால் அன்றைக்குப் பால் இறங்கும், சந்தேகமில்லை, ஆனால் அந்த மாட்டைச் சுவரோடு ஒட்ட வைத்த சங்கதி அப்படியே நிற்கும், அப்புறம் வேளா வேளைக்கு ஊசி என்று ஆகிவிடும். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து அது.

அட்ரினலினைவிட மெதுவாக வேலை செய்வது கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோன். மூளை பயத்தைப் பார்த்ததும் தனக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பிக்குச் சொல்லும், பிட்யூட்டரி சிறுநீரகத்தின் பக்கத்தில் இருக்கும் அட்ரினல் சுரப்பிக்குச் சொல்லும், கார்டிசால் ரத்தத்தில் கொட்டும். பத்து நிமிடம், அரை மணி என்றால் அது நல்லதுதான், உடம்புக்கு ஓடவும் சமாளிக்கவும் சர்க்கரை கிடைக்கும். வாரக்கணக்கில் ஏறியே நின்றால்தான் தொல்லை, நோய் எதிர்ப்பு இறங்கும், சினைப்பருவம் வெளியே தெரியாமல் போகும். குட்டியானை வண்டியில் நின்றபடி ராத்திரி முழுக்க வந்த மாடு ஒரு வாரத்துக்குள் சளியும் காய்ச்சலுமாகப் படுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கிருமி பெரும்பாலும் புதிதாக ஒட்டியது அல்ல, மூக்கிலும் தொண்டையிலும் ஏற்கெனவே சும்மா இருந்ததுதான், உடம்பு அசந்த நேரம் பார்த்து நுரையீரலுக்கு இறங்குகிறது.

சரி, கூட்டத்தில் கீழே இருப்பதுதான் பிரச்சினையா என்றால், அங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. கோழிகளுக்குள் எது எதைக் கொத்தலாம் என்று ஒரு கொத்தும் வரிசை உண்டு என்று நார்வேக்காரர் ஷெல்டெரப் எப்பே 1920-களின் தொடக்கத்தில் எழுதினார் (நம் பாட்டிகள் யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் புதுக் கோழியைப் பகலில் விடாமல் ராத்திரி எல்லாம் அடைந்த பிறகு கூட்டுக்குள் விடுகிற வழக்கம் இருக்கிறதே, அதற்கு என்ன அர்த்தம்). அந்த வரிசை முடிவாகிவிட்டால் சண்டை அடங்கும். கென்யாவில் பபூன் குரங்குகளைப் பல வருஷம் பின்தொடர்ந்த ராபர்ட் சபோல்ஸ்கி பார்த்ததும் இதற்கு நெருக்கமானது. வரிசை நிலையாக இருக்கும்போது கீழே உள்ள ஆண்களுக்குக் கார்டிசால் அதிகம், வரிசை குலையும் காலத்தில் மேலே உள்ளவர்களுக்கே ஏறிவிடும், நாற்காலி ஆடுகிறதல்லவா. அவர் பார்த்த ஒரு கூட்டத்தில் 1980-களில் முரட்டு ஆண்கள் மட்டும் சுற்றுலா விடுதிக் குப்பைமேட்டுக்குப் போய் அடித்துப் பிடித்துத் தின்று, காசநோய் பிடித்த மாட்டிறைச்சியால் செத்துப்போயின. மீதி இருந்தவை சாதுவானவை. பத்து வருஷம் கழித்து, அந்தச் சாது ஆண்களும் போய் வெளியிலிருந்து புதிய ஆண்கள் வந்து சேர்ந்த பிறகும், அந்தக் கூட்டம் மட்டும் அமைதியாகவே இருந்தது, கீழே இருந்த ஆண்களிடம் வழக்கமான அழுத்தக் குறிகள் இல்லை. 2004-ல் வெளிவந்த கட்டுரை இது. அதைப் படித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது வாராவாரம் இரண்டு மாட்டை இறக்கி இரண்டை ஏற்றுகிற ஒரு தரகரின் கொட்டகை. அங்கே எந்த மாடும் உருப்படியாகக் கறந்து நான் பார்த்ததில்லை. புது மாடு ஒன்று சேர்ந்தாலே பழைய வரிசை மறுபடி முடிவாகச் சில நாள் பிடிக்கும், அந்தச் சில நாள் அந்தக் கொட்டகையில் வருவதே இல்லை.

கூட்டம் கெடுக்கவும் செய்யும், காக்கவும் செய்யும். இங்கிலாந்தில் தனியாக இருட்டில் அடைத்த செம்மறி ஆடுகளுக்குப் பழக்கமான செம்மறி ஒன்றின் முகப் படத்தைக் காட்டினார்கள், வெறும் படம்தான், கத்துவது குறைந்தது, இதயத்துடிப்பு குறைந்தது, கார்டிசாலும் குறைந்தது. வெள்ளாட்டுப் படத்துக்கு அந்தப் பலன் இல்லை. ஆக, பக்கத்தில் ஏதோ ஒரு உயிர் இருந்தால் போதாது, தெரிந்த முகமாக இருக்க வேண்டும்.

நாய்களில் இன்னும் ஒரு படி மேலே. ஸ்வீடனில் 58 நாய்களின் முடியையும் வளர்த்த பெண்களின் தலைமுடியையும் எடுத்துப் பார்த்ததில், வளர்ப்பவருக்குக் கார்டிசால் அதிகமென்றால் நாய்க்கும் அதிகம். ஆனைமலைப் பக்கம் ஒரு தென்னந்தோப்புக்காரர், பகல் முழுக்கச் சங்கிலியில் கிடக்கும் நாய் வருகிறவனையெல்லாம் கடிக்கிறது, ஊசி போடுங்கள் என்றார். பேசிக்கொண்டிருந்த கால் மணி நேரத்தில் போனில் மூன்று பேரைத் திட்டினார். நாய்க்கு அப்புறம் பார்க்கலாம், உங்களுக்கு பிபி எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டேன். கோபித்துக்கொண்டார். ஆனாலும் இப்போது சாயங்காலம் நாயை அவிழ்த்துத் தோப்புக்குள் கூட்டிப் போகிறாராம்.

எல்லாவற்றுக்கும் மன அழுத்தம் என்று சொல்லிவிட்டு வருவதும் தப்பு, அந்தத் தப்பை நானே செய்திருக்கிறேன். ஒரு வீட்டில் இடத்தை மாற்றிக் கட்டுங்கள் என்று அலட்சியமாகச் சொல்லிவிட்டு வந்தேன், மூன்றாம் நாள் பின்காம்பு கல்லாகிவிட்டது, மடிநோய். அன்றிலிருந்து முதலில் தெர்மாமீட்டர், மடிச் சோதனை, வயிற்றில் கை, அப்புறம்தான் திண்ணை. ரத்தத்தில் கார்டிசால் பார்த்துச் சொல்லுங்கள் என்று சிலர் கேட்கிறார்கள். கட்டிப்பிடித்து ஊசி குத்துவதே சில நிமிடத்தில் அதை ஏற்றிவிடும், அந்த எண்ணை வைத்து என்ன சொல்வது? காட்டு யானைகளிடம் ஆராய்ச்சிக்காரர்கள் சாணத்தில்தான் அளக்கிறார்கள். நமக்குச் சாணம்கூட வேண்டாம், தீனி வைக்கும் நேரத்தில் கால் மணி உட்கார்ந்து, எது யாரைப் பார்த்து ஒதுங்குகிறது, எது எதை நக்குகிறது, எது கடைசியில் படுக்கிறது என்று பார்த்தாலே முக்கால்வாசி தெரிந்துவிடும்.

ஆத்தா வீட்டுக்கு வருகிறேன். புது மாட்டையும் செவலைக் கிடேரியையும் எதிர்ச் சுவருக்கு மாற்றித் தனித் தொட்டி வைக்கச் சொன்னேன். கறக்கிற நேரம் ஒரே ஆள், ஒரே வாளி, பக்கத்தில் யாரும் சத்தம் போடக் கூடாது. ஆறாம் நாள் வேளைக்கு நாலரை லிட்டர் என்று போன் வந்தது, எனக்குப் பெருமை தாங்கவில்லை. பத்தாம் நாள் மறுபடி போன்.

"அம்மிணி, புதுசு நல்லாத்தான் கறக்குது. இப்ப கொம்புக்காரி தீனி எடுக்க மாட்டீங்குறா, ராத்திரியெல்லாம் கத்துறா."

அப்போதுதான் கேட்டேன், அந்தக் கிடேரி யாருடைய கன்று என்று. கொம்புக்காரியின் கன்றுதான், பிறந்ததிலிருந்து பக்கத்திலேயே கட்டியது. முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. மூன்றையும் மறுபடி ஒரே வரிசையில் கட்டி, கிடேரியை நடுவில் விட்டு, தொட்டிக்கு நடுவே இரண்டு பலகை அடிக்கச் சொன்னேன். "இத மொதல்லயே சொல்லியிருந்தா ராத்திரி தூங்கியிருப்பனே" என்றார் ஆத்தா.