கருடன், கருளன், கலுழன்: நாவில் உருமாறிய ஒரு பெயர்

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் படகுகளிலிருந்து மீன் இறங்கும் வேளையில், வெண்தலையும் செந்நிறச் சிறகும் கொண்ட செம்பருந்து மேலே வட்டமிட்டால், "கெருடன்" என்று சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொள்வோர் உண்டு. மனித உடலும் பறவையின் அலகும் சிறகும் வாய்ந்த புராணக் கருடனுக்குக் கண்கண்ட வடிவமாக இப்பறவையே கொள்ளப்படுகிறது.

கருடன் என்பது வடசொல். ரிக் வேதத்தில் 'கருத்மான்' எனும் தெய்வப் பறவை வருகிறது. 'கருத்' சிறகைக் குறிப்பதால், சிறகுடையது என்பதே பொருள் என்பர் ஒரு சாரார். பாம்புகளை விரும்பியுண்ணும் கதைக்கு ஏற்ப, விழுங்குதலைக் குறிக்கும் வினையடியோடு இணைப்போரும் உளர். பெருஞ்சுமையைத் தூக்கிப் பறந்ததால் வந்த பெயர் என்கிறது மகாபாரதத்தின் ஆதிபருவம்; பெயருக்காகப் பின்னர்ப் புனைந்த விளக்கமாகவே அது எனக்குத் தோன்றுகிறது. சங்கத் தமிழுக்கு இந்தச் சிக்கல் இல்லை: புறநானூற்றின் 56ஆம் பாடல் திருமாலின் கொடியைப் 'புட்கொடி' (புள் என்றால் பறவை) என்று சொல்லி முடித்துக்கொள்கிறது.

வடசொல் தமிழில் புழங்கத் தொடங்கியபின் நிகழ்ந்ததே சுவையானது. நாநுனி மேல்நோக்கி வளைந்து அண்ணத்தைத் தொட்டுக் காற்றை ஒரு கணம் அடைத்தால் டகரம். தொட்ட நிலையிலேயே நாவிளிம்புகள் தளர்ந்து காற்று பக்கவாட்டில் வழிந்தால் ளகரம். வளைந்த நா தொடாமலே நின்றால் ழகரம். ஆழ்வார்களின் 'கருளன்', கம்பரின் 'கலுழன்' ஆகிய வடிவங்கள் இந்தச் சிறு நகர்வுகளால் பிறந்தவை. பின்னதில் ரகரமும் லகரமாயிற்று.

கெருடன் என்பதைக் கொச்சை என்று ஒதுக்குவது சரியன்று. தமிழ்ச்சொற்களின் முதலில் வரும் ககரத்தில் குரல்நாண் அதிர்வதில்லை. வடசொல்லின் முதலொலியிலோ அதிர்கிறது. அடைப்பின்போதும் அதிர்வு தொடர வேண்டுமானால் தொண்டையறை விரிய வேண்டும். அதற்காக நாவின் அடிப்பகுதி முன்னே நகர்கையில் நா சற்றே உயர்வதால், அடுத்து வரும் அகரம் எகரத்தை நோக்கிச் சாய்கிறது. கங்கை கெங்கையானதும், பலம் பெலமானதும் இதே வழியில்தான்.

கடல் கடந்த இடங்களிலும் அந்தந்த மொழியின் ஒலியமைப்பே இப்பெயரை வார்த்தது. வளைநா ஒலிகளே இல்லாத ஜப்பானிய மொழியில், பௌத்தத்தோடு சீனம் வழியாகச் சென்ற கருடன் 'கருரா' ஆனான். தாய்லாந்து மொழியில் சொல்லிறுதி அடைப்பொலிகளில் குரல்நாண் அதிர்வதில்லை. ஆகவே அந்நாட்டு அரசுச் சின்னத்தில் சிறகு விரித்து நிற்பவனின் பெயர் 'க்ருத்'.