முகம் தெரிந்தால் போதாது

திருவொற்றியூரில் சின்னதாக ஒரு நிக்கல் பட்டறை வைத்திருக்கிறேன். வண்டி விளக்கு ரிஃப்ளெக்டர் அச்சுகளுக்கு மாஸ்டர் எனும் மூல உருவின் மேல் மின்சாரத்தால் நிக்கல் வளர்த்துப் படியெடுப்பதுதான் வேலை. போன மாதம் புதுப் பையன் டிகிரீஸ் செய்த, அதாவது எண்ணெய்ப் பிசுக்கை நீக்கிய, மாஸ்டரைக் கொண்டுவந்து, "கண்ணாடி மாதிரி கீதுண்ணா, முகம் தெரிது பாருங்க" என்றான். தெரிந்தது. நானும் பெருமையாகக் கட்டைவிரலால் தடவிப் பார்த்து, பாத்தில், அதாவது நிக்கல் கரைசல் தொட்டியில், இறக்கச் சொன்னேன். இரண்டு நாள் கழித்து, மேலே வளர்ந்த நிக்கல் ஓட்டைப் பிரித்தால் உள்பக்கத்தில் என் ரேகை, சுழி உட்பட!

இதே வேலைதான், எக்ஸ்ரே தொலைநோக்கி ஆடிக்கும். எக்ஸ்ரே நேராக மோதினால் ஆடி விழுங்கிவிடும். குளத்தில் சில்லு தத்துவதுபோல உரசிக்கொண்டு வந்தால்தான் திரும்பும். அதனால் ஆடிகளைக் குழாய்க்குள் குழாயாக அடுக்குவார்கள். 1999 டிசம்பரில் ஐரோப்பியர்கள் ஏவிய எக்ஸ்எம்எம்-நியூட்டன் விண்கலத்தில் மூன்று தொலைநோக்கிகள், ஒவ்வொன்றிலும் 58 நிக்கல் ஓடுகள். பெரிய ஓட்டின் விட்டம் 70 செ.மீ., தடிமன் 1 மி.மீ. அளவுதான். இத்தனையையும் தனித்தனியாக இழைத்து முடியுமா? ஒவ்வொரு அளவுக்கும் ஒரு மாஸ்டரை உயிரைக் கொடுத்து இழைத்துவிட்டால், அதிலிருந்து ஓடு ஓடாக எடுக்கலாம்.

மாஸ்டருக்கு, அலுமினிய உருளையில் நிக்கல் பூசி இழைக்கிறார்கள். அதன்மேல் தங்கப் படலம், பிறகு பாத். கடைசியில் குளிரவைத்தால் நிக்கலைவிட அலுமினியம் அதிகம் சுருங்கும். ஓடு தங்கத்தையும் சேர்த்துக்கொண்டு கழன்றுவரும். தட்டவோ நெம்பவோ வேண்டாம்.

கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 500 நானோமீட்டர் அளவு. 1 கிலோ எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலுள்ள எக்ஸ்ரேக்கோ 1.24தான். நமக்கு முகம் காட்டும் பரப்பு அதற்குக் கன்டெய்னர் லாரி ஓடித் தேய்ந்த எண்ணூர் ரோடு. மேடுபள்ளம் அரை நானோமீட்டருக்குள் அடங்கினால்தான் கதிர் சிதறாது.

நம் தொழிலில் சிலர், பாத்தில் ஊற்றும் மினுக்கு ரசாயனத்தைச் சொல்லி, "கொஞ்சம் பிரைட்னர் ஊத்துப்பா, சரியாயிடும்" என்பார்கள். ஆகாது. பிரைட்னர் மினுக்குவது வெளிப்பக்கத்தை. ஆடியாக வேலை செய்வது மாஸ்டரோடு ஒட்டியிருந்த உள்பக்கம். போதாக்குறைக்கு பிரைட்னர் படிவின் உள்ளிறுக்கத்தையும் மாற்றிவிடும். மாஸ்டரின் பிடி விட்டதும் மெல்லிய ஓடு கோணிக்கொள்ளும். இறுக்கம் குறைவாகப் படியத்தான் நிக்கல் சல்ஃபமேட் எனும் உப்பைக் கரைத்த பாத் வைக்கிறோம்.

2015இல் போன நம் ஆஸ்ட்ரோசாட் விண்கலத்திலும் படியெடுத்த ஆடிதான். ஆனால் பாத் கிடையாது. வழவழப்பான கண்ணாடியில் படியவைத்த தங்கத்தை, எபாக்சி தடவிய அலுமினியத் தகட்டில் ஒட்டி உரித்தார்கள்.

இப்போது மாஸ்டரை இருட்டில் வைத்து, டார்ச்சைச் சாய்த்து அடித்துத்தான் பார்க்கிறேன். டிகிரீஸ் முடிந்தால் கையுறை இல்லாமல் யாரும் கிட்டே போகக் கூடாது. ரேகை விழுந்த ஓட்டை, பாத்துக்கு மின்சாரம் தரும் ரெக்டிஃபயருக்கு மேலே பையன் ஆணியடித்து மாட்டியிருக்கிறான்.