சுழியோடிவிட்டு அன்றிரவே மலையேறாதீர்கள்

ஹிக்கடுவைக்கு அருகே அக்குரலைக் கடலில் கிடக்கும் ‘கொன்ச்’ 1892இல் கட்டிய நீராவி எண்ணெய்க் கப்பல், 1903இல் மூழ்கியது. கல்குடாவுக்கு அப்பால் கிடக்கும் ‘பிரிட்டிஷ் சார்ஜன்ட்’ கப்பல், 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் குண்டுபோட்டு மூழ்கடித்தது. இரண்டுமே 20 மீட்டரை ஒட்டிய ஆழம். அந்த ஆழத்துக்குப் பயிற்சி பெற்ற எவரும் இறங்கலாம். மலையகத்திலிருந்து போகிறவர்களுக்குச் சிக்கல் கடலில் அல்ல, திரும்பிவரும் பஸ்ஸில்.

20 மீட்டரில் அழுத்தம் கரையில் உள்ளதைப்போல் மூன்று மடங்கு. சிலிண்டர் காற்றிலுள்ள நைதரசன் இரத்தத்திலும் கொழுப்பிலும் கரைகிறது. மெதுவாக மேலேறி, 5 மீட்டரில் மூன்று நிமிடம் நின்றாலும் முழுதும் வெளியேறாது. மிச்சம் இருப்பது கடல் மட்டத்தில் பெரும்பாலும் தொல்லை தராது. நுவரெலியாவோ 1868 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடற்கரையின் ஐந்தில் நான்கு பங்குதான். அவிசாவளையில் வாங்கிய மரவள்ளிப் பொரியல் பக்கற் நானுஓயாவில் உப்பிப் போயிருக்குமே, அதே வேலை உடம்புக்குள் நடந்தால் வாயு குமிழாகிவிடும்.

சுழியோட்ட நிலையங்களில் விமானம் ஏறுவதைப் பற்றித்தான் எச்சரிப்பார்கள். விமானத்தின் உள்ளழுத்தம் அதிகபட்சம் 2400 மீட்டர் உயரத்துக்குச் சமம். அட்டன், அப்புத்தளை, நுவரெலியா எல்லாம் அந்தக் கணக்குக்குள் வருபவை. ஆகவே விமான விதியையே பஸ்ஸுக்கும் வையுங்கள்: ஒரு தடவை மட்டும் இறங்கியிருந்தால் 12 மணித்தியாலம், பல தடவை என்றால் 18. ஏறும்போது நைதரசன் வெளியேற இடையில் கட்டாயமாகத் தரிக்கவேண்டி இருந்திருந்தால் 24. கையில் கட்டும், ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிடும் டைவ் கம்பியூட்டரில் ‘பறக்காதே’ என்று காட்டும் விமானப் படம் அணையும்வரை கண்டியையும் தாண்டவேண்டாம்.

சனிக்கிழமை காலை இரண்டு தடவை இறங்கி 11 மணிக்குக் கரையேறினால், ஞாயிறு பகல் பஸ்ஸில் தாராளமாக வரலாம். ஞாயிறு இறங்கிவிட்டுத் திங்கள் வேலைக்கு ஓடிவருவதுதான் ஆபத்து.

தோள், முழங்கை, முழங்கால் மூட்டில் ஆழமான நோவு, விறைப்பு, தோலில் நீலம் பாய்ந்த திட்டு, தலைசுற்று, கால் தளர்வு, சிறுநீர் போகாமை. இவை அந்த வாயுக் குமிழ்களின் அறிகுறிகள்; ஆனால் பயணக் களைப்பென்று நினைத்துத் தைலம் பூசிப் படுத்துவிடுகிறார்கள். வழியில் தொடங்கினால் மேலே போகாமல் இறங்கிவிடுங்கள். 1990 அம்பியூலன்ஸுக்கு அழைத்து, ஆளை மல்லாந்து படுக்கவைத்து, முகமூடி வழியாக முழு ஒட்சிசன் கேளுங்கள். நோவு குறைந்தாலும் காற்றழுத்தம் கூட்டிய அறைக்குள் வைத்துச் செய்யும் சிகிச்சை தேவையா என்று வைத்தியர் பார்த்தாக வேண்டும். எத்தனை மீட்டர், எத்தனை தடவை, கரையேறிய நேரம், மலையேறத் தொடங்கிய நேரம் நான்கையும் ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள்; மலைநாட்டு வெளிநோயாளர் பிரிவில் சுழியோட்டம் என்ற சந்தேகம் யாருக்கும் தானாக வராது.