டி.எஃப்.எஸ்.ஏ.யிலும் வரி பிடிப்பார்கள், ஐயா!

இந்த வரிக்காலத்தில் இவர் ஆறாவது ஆள். ஸ்காபரோவில் என் அலுவலகத்துக்கு வந்த பஸ் சாரதி, கணக்கறிக்கையை மேசையில் போட்டுவிட்டு, "இந்தக் கணக்குக்கு வரி இல்லை என்றுதானே சொன்னார்கள்?" என்று என்மேல் பாய்ந்தார். டி.எஃப்.எஸ்.ஏ. என்னும் கனடாவின் வரியில்லாச் சேமிப்புக் கணக்கில் 40,000 டொலருக்கு அமெரிக்கப் பங்குகள் வைத்திருக்கிறார். ஆண்டுக்கு 1,400 டொலர் பங்கிலாபம். அதில் 210 டொலர் அவர் கைக்கு வருமுன்பே போய்விடுகிறது. நான்கு ஆண்டுகளாக.

தொண்டை வறளச் சொல்லிவிட்டேன், இன்னொரு முறையும் சொல்கிறேன். 2009இல் இந்தக் கணக்கைக் கொண்டுவந்தது ஒட்டாவா, அதாவது கனேடிய அரசு. வரி வேண்டாம் என்றதும் ஒட்டாவாதான். வாஷிங்டன் அப்படி எதுவும் சொல்லவில்லை. அமெரிக்க நிறுவனம் பங்கிலாபம் கொடுக்கும்போதே அந்த நாடு தன் வரியைப் பிடித்துக்கொள்கிறது. இரு நாட்டு ஒப்பந்தப்படி 15 சதவீதம். தான் அமெரிக்கர் அல்ல என்று அறிவிக்கும் டபிள்யூ-8பென் படிவம் கொடுக்காதவருக்கு 30. ஓய்வூதியக் கணக்குகளுக்கு அந்த ஒப்பந்தம் விலக்குத் தருகிறது. அதனால் ஆர்.ஆர்.எஸ்.பி. என்னும் ஓய்வூதியச் சேமிப்புக் கணக்கில் அமெரிக்கப் பங்கை நேரடியாக வைத்திருந்தால் பிடித்தம் இல்லை. டி.எஃப்.எஸ்.ஏ. ஓய்வூதியக் கணக்கு அல்ல. சாதாரணக் கணக்கில் பிடித்த 15ஐ இங்கே கட்டும் வரியில் கழிக்கலாம். டி.எஃப்.எஸ்.ஏ.யில் கட்டுவதற்கே வரி இல்லை, எதில் கழிப்பது? போனது போனதுதான்.

இதில் வேதனை என்னவென்றால், அவருடைய ஆர்.ஆர்.எஸ்.பி.யில் இருந்தவை எல்லாம் கனேடிய வங்கிப் பங்குகள்! இடம் மாறிக் கிடக்கின்றன. இரண்டு கணக்குகளிலும் விற்பதற்கு வரி கிடையாது; விற்று, மாற்றி வாங்கினால் முடிந்தது. நாணயமாற்றுச் செலவை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்கப் பங்குகளை டொரொண்டோ சந்தையின் ஈ.டி.எஃப். (பல பங்குகளைச் சேர்த்து விற்கும் நிதி) வழியாக வாங்கினால் ஆர்.ஆர்.எஸ்.பி.யிலும் பிடித்தம் உண்டு. விற்பவர்கள் பலர் இதைச் சொல்வதில்லை.

கனேடியப் பங்கிலாபம் வேறு கதை. சாதாரணக் கணக்கில் 1,000 டொலர் வந்தால் வரிப்படிவத்தில் 1,380 என்று ஏறும். பிறகு அதற்கான வரிக்கழிவும் கிடைக்கும். வேலை செய்பவருக்கு இது பெரும்பாலும் நல்லதுதான். ஆனால் வருமானம் குறைந்த முதியோருக்கு அரசு தரும் ஜி.ஐ.எஸ். உதவித்தொகை வாங்கும் அம்மாவின் பெயரில் பங்கு வாங்கிப் போடும் பிள்ளைகளே, அந்த உதவித்தொகையைக் கணக்கிடுவது 1,380ஐ வைத்துத்தான். வருமானத்தில் ஒவ்வொரு டொலருக்கும் 50 சதம் வெட்டுவார்கள் என்று பார்த்தாலும் 690 டொலர் குறைந்துவிடும். அம்மாவின் டி.எஃப்.எஸ்.ஏ.யில் இன்னும் பணம் போட இடம் இருந்தால் முதலில் அதை நிரப்புங்கள். ஆனால் இடத்தைச் சரிபாருங்கள்: கனடாவுக்கு வந்து குடியேறிய ஆண்டிலிருந்துதான் அது சேரும். மிகையாகப் போட்டால் அந்த மிகைத் தொகைக்கு மாதம் 1 சதவீதம் தண்டம்.

இன்னொன்று. "பணம் கைக்கு வரவில்லை, அதிலேயே மறுபடி பங்கு வாங்கிவிட்டார்கள்" என்று சாதிக்காதீர்கள். சாதாரணக் கணக்கில் அதுவும் வருமானம்தான். அந்த வருமானத்தைக் காட்டும் டி5 படிவம் பெப்ரவரி முடிவுக்குள் வரும். தயவுசெய்து, இம்முறை அதை உறை பிரிக்காமல் ஏப்ரல் 29ஆம் திகதி என்னிடம் கொண்டுவராதீர்கள்.