மெஷ்: வலையா, வலைக்கண்ணா?

கம்ப்யூட்டர்ல ஒரு வடிவத்தோட பரப்பைக் குட்டிக் குட்டி முக்கோணமாப் பிரிச்சுக் காட்டறதை மெஷ்ம்பாங்க. தமிழ்ல எழுதறப்ப மெஷ்னா வலைன்னு போட்டுட்டுப் போயிடுவோம், தப்பில்ல, ஆனா இங்கிலீஷ்லயே அந்தச் சொல்லு முதல்ல குறிச்சது முழு வலைய இல்ல, நூலுக்கும் நூலுக்கும் நடுவுல இருக்கிற ஒத்தை ஓட்டையத்தான். அப்புறமாத்தான் முழு வலைக்கும் அதே பேரு வந்துச்சு. நமக்கு அந்த ஓட்டைக்குத் தனியாவே சொல் இருக்கு, வலைக்கண். அதனால முழுசுக்கு முக்கோண வலை, அதுல ஒவ்வொரு முக்கோணத்துக்கும் கண்ணு அப்படின்னு பிரிச்சு எழுதலாம்ங்கிறது என் கட்சி. வலைப்பின்னல் வேண்டாம், நெட்வொர்க்னு படிச்சிடுவாங்க.

பிரிக்கச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. வளைஞ்ச பரப்பு மேல வலை போடறப்ப சிக்கல் எல்லாம் கண்ணுலதான் வருது. பாராமெட்ரிக் சர்ஃபேஸ், தமிழ்ல துணையலகுப் பரப்பு, அதுல யு, வி-னு ரெண்டு எண்ணு குடுத்தா முப்பரிமாண வெளியில ஒரு புள்ளி கிடைக்கும். அதனால தட்டையான யு-வி தளத்துல வலைய பின்னிட்டு அப்படியே பரப்பு மேல இழுத்துப் போர்த்திடலாம்னு தோணும். 100 மிமீ ஆரமுள்ள ஒரு பந்தை எடுத்து அட்சம் தீர்க்கம் ரெண்டையும் 10 டிகிரிக்கு ஒரு கோடா போட்டுப் பாருங்க, தட்டைல எல்லாக் கட்டமும் ஒரே அளவுதான், பந்து மேல போனா நடுக்கோட்டுல அகலம் சுமார் 17.5 மிமீ, 80 டிகிரி அட்சத்துல வெறும் 3 மிமீ, உயரம் மட்டும் மாறாம அதே 17.5. அந்தக் கட்டத்தைக் குறுக்கா வெட்டி முக்கோணமாக்கினா அதுவும் ஒல்லியாத்தான் வரும், இப்படி ஒல்லியாப் போற முக்கோணத்தை ஸ்லிவர்னு சொல்றாங்க, தமிழ்ல சிலாம்புன்னே சொல்லலாமே, விரல்ல ஏறுற மரச்சிலாம்பு மாதிரியேதான் இருக்கு. கோணம் ரொம்பச் சின்னதாவோ 180 டிகிரிகிட்டவோ போச்சுன்னா அது மேல போடற கணக்கும் கெடும்.

நீட்டாம சுருக்காம பந்தைத் தட்டையாக்க வழியே கிடையாதுன்னு கணிதவியலாளர் காஸ் 1827லயே காட்டிட்டாரு. அதனால நீளத்தை யு-வி தளத்துல அளக்காம பரப்பு மேல அளக்கணும், பரப்பு மேல இருக்கிற குட்டி வட்டம் தட்டைல பொதுவா நீள்வட்டமாத் தெரியும். நல்ல முக்கோணமாப் பொறுக்கறதுக்கு கணிதவியலாளர் டெலோனே 1934ல சொன்ன நிபந்தனை உதவும், அதாவது முக்கோணத்தோட மூணு முனை வழியாவும் போற சுற்றுவட்டத்துக்குள்ள வேற புள்ளி இருக்கக்கூடாதுங்கிறது, இங்க அந்த நீள்வட்டத்தை வச்சுத்தான் பார்க்கணும். பால் சூங்கிற கணினி ஆய்வாளர் 1993ல வளைபரப்புக்கே ஒரு முறை குடுத்தாரு, எல்லைக்கோடே கட்டாயப்படுத்தற இடம் தவிர கோணமெல்லாம் 30லருந்து 120 டிகிரிக்குள்ள நிக்கும், அது ரொம்பப் பெரிய விஷயம்.

கண்ணு அழகா இருந்தா மட்டும் போதாது, பரப்போட ஒட்டவும் செய்யணும். இதுக்கு நாண்ங்கிற நம்ம சொல்லு அப்படியே பொருந்துது, வளைவு வில்லு, முக்கோணத்தோட பக்கம் நாண், நடுவுல இருக்கிற இடைவெளிதான் பிழை. பக்கத்தோட வர்க்கத்தை ஆரத்தோட 8 மடங்கால வகுத்தா அது ஏறக்குறைய வந்துடும். அதே பந்துல 10 மிமீ பக்கம்னா 0.125 மிமீ, 5 மிமீன்னா 0.031 தான். பக்கத்தைப் பாதியாக்கினா பிழை கால்வாசி ஆகுது, ஆனா கண்ணு எண்ணிக்கை நாலு மடங்கு ஏறுது, அதான் எல்லா இடத்துலயும் பொடிசாப் பின்னாம வளைவு அதிகமா இருக்கிற இடத்துல மட்டும் நெருக்கிப் பின்றாங்க. மெஷ் ஜெனரேஷனுக்கு வலை உருவாக்கம்னு எழுதறத விட வலை பின்னுதல்னு எழுதினா இந்த வேலையே கண்ணுக்குத் தெரியுது.