பாலிசி வந்த முதல் 30 நாள்: மருத்துவக் காப்பீடு எடுப்பவரின் உரிமைகள்

எங்கள் பெரியப்பாவுக்குச் சர்க்கரை இருப்பது தெருவுக்கே தெரியும். கல்யாண வீட்டில் பாயசம் ஊற்ற வந்தால் இலையைக் கையால் மறைத்துக்கொள்வார். ஆனால் அவர் எடுத்த மருத்துவக் காப்பீட்டின் முன்மொழிவுப் படிவத்தில், சர்க்கரை நோய் உண்டா என்ற கேள்விக்கு நேரே ‘இல்லை’ என்று இருந்தது. ஏஜென்ட் தன் செல்போனிலேயே படிவத்தை நிரப்பிவிட்டு, பெரியப்பாவிடம் ஓ.டி.பி.யை மட்டும் கேட்டு வாங்கியிருக்கிறார். இரண்டாம் வருடம் காலில் புண் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தபோதுதான் இது எங்களுக்குத் தெரிந்தது. நோயை மறைத்துவிட்டார் என்று கிளெய்மை நிராகரித்தார்கள். பாலிசியையும் ரத்து செய்தார்கள்.

அவரிடம் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. ஆனாலும் ஓ.டி.பி. சொன்னால் கையெழுத்துப் போட்ட மாதிரிதான். இதைச் சரிசெய்யச் சட்டம் ஒரு வழி வைத்திருந்தது. அது எங்களில் யாருக்கும் தெரியாமல் போனதுதான் எனக்கு இன்றும் ஆறாத விஷயம்.

அந்த வழி இதுதான். தனிநபராகவோ குடும்பத்துக்காகவோ ஒரு வருடம் அல்லது அதற்கு மேற்பட்ட காலத்துக்குப் புதிதாக மருத்துவக் காப்பீடு எடுத்தால், பாலிசி ஆவணம் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாள் பரிசீலனைக் காலம் உண்டு. முன்பு பெரும்பாலும் 15 நாளாக இருந்ததை, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024-இல் 30 ஆக்கியது. அதற்குள் படித்துப் பார்த்துப் பிடிக்கவில்லை என்றால் எழுதிக் கொடுத்து ரத்து செய்யலாம். காப்பீடு இருந்த அந்தச் சில நாட்களுக்கான தொகை, மருத்துவப் பரிசோதனைச் செலவு, முத்திரைத்தாள் கட்டணம் ஆகியவற்றைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தரவேண்டும். புதுப்பிக்கும் பாலிசிக்கு இது கிடையாது.

இந்த 30 நாளில் முதலில் பார்க்கவேண்டியது முன்மொழிவுப் படிவத்தின் நகல். அது இலவசமாகக் கிடைக்கவேண்டும். பாலிசியோடு வரவில்லை என்றால் மின்னஞ்சலில் கேளுங்கள். அதில் சர்க்கரை, பி.பி., தைராய்டு, பழைய ஆபரேஷன், தினமும் விழுங்கும் மாத்திரை, புகைப்பழக்கம் என்று ஒவ்வொரு பதிலையும் விரல் வைத்துப் படியுங்கள். தவறு இருந்தால் உடனே நிறுவனத்துக்கு எழுதித் திருத்தச் சொல்லுங்கள். நிறுவனம் பிரீமியத்தைக் கொஞ்சம் கூட்டலாம், அந்த நோய்க்குக் காத்திருப்புக் காலம் (அந்த நோய்க்கான செலவைத் தராத ஆரம்பக் காலம்) போடலாம், பாலிசியே தரமுடியாது என்றுகூடச் சொல்லலாம். எதுவானாலும் இப்போதே தெரிந்துவிடும். ஐ.சி.யு. வாசலில் நிற்கும்போது தெரியவருவதைவிட இது எவ்வளவோ மேல். ‘சுகரை எழுதினால் பாலிசி கிடைக்காது, இல்லை என்றே போட்டுவிடலாம்’ என்று சொல்லும் ஏஜென்டிடம் தயவுசெய்து வாங்காதீர்கள்.

பாலிசியோடு ‘வாடிக்கையாளர் தகவல் தாள்’ ஒன்றும் தருவார்கள். எதற்குக் காப்பீடு உண்டு, எதற்கு இல்லை, காத்திருப்புக் காலம் எவ்வளவு, புகார் யாரிடம் என்பதெல்லாம் சுருக்கமாக இருக்கும். 2024 ஜனவரி முதல் புதிய வடிவத்தில் தரப்படும் இந்தத் தாளை, கேட்டால் உள்ளூர் மொழியிலும் தரவேண்டும். தமிழில் வேண்டும் என்று கேளுங்கள். கேட்கக் கேட்கத்தான் கொடுக்கும் பழக்கம் வரும்.

சரி, நோயைச் சொல்லி வாங்கிவிட்டோம். அதற்கான செலவு எப்போது கிடைக்கும்? பாலிசி எடுப்பதற்கு முந்தைய 36 மாதத்துக்குள் கண்டறியப்பட்ட அல்லது சிகிச்சை பெற்ற நோய்தான் ‘ஏற்கெனவே இருந்த நோய்’. அதற்கான காத்திருப்புக் காலமும் 36 மாதத்தைத் தாண்டக்கூடாது. 2024-க்கு முன் 48 மாதம்வரை போட முடிந்தது. கண்புரை, ஹெர்னியா, மூட்டு மாற்று போன்றவற்றுக்குத் தனியாகக் காத்திருப்புக் காலம் இருக்கும். அதற்கும் அதே 36 மாதம்தான் உச்சவரம்பு. எந்த நோயானாலும் முதல் 30 நாளுக்குக் கிளெய்ம் கிடையாது. விபத்துக்கு மட்டும் விலக்கு உண்டு.

இடைவெளி விடாமல் 60 மாதம் பாலிசியைத் தொடர்ந்திருந்தால், படிவத்தில் எதையோ சொல்லவில்லை என்று காரணம் காட்டிக் கிளெய்மை மறுக்க முடியாது. மோசடி என்று நிரூபித்தால்தான் முடியும். இதுவும் முன்பு எட்டு வருடமாக இருந்தது. நடுவில் காப்பீட்டுத் தொகையைக் கூட்டியிருந்தால், கூட்டிய தொகைக்கு மட்டும் அன்றிலிருந்து புதிதாக எண்ணுவார்கள். ஆகவே புதுப்பிக்கும் தேதியைத் தவறவிடாதீர்கள். தவறிவிட்டால் பிரீமியம் கட்ட, மாதத் தவணைக்கு 15 நாளும் மற்ற தவணைகளுக்கு 30 நாளும் சலுகைக் காலம் உண்டு.

நிறைய பேர் ஏமாறும் இன்னொரு இடம் ரூம் வாடகை. பாலிசியில் ஒரு நாளுக்கு 5,000 ரூபாய் என்று வரம்பு இருக்கிறது, நீங்கள் 10,000 ரூபாய் அறை எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். வித்தியாசம் 5,000 தானே, கையிலிருந்து கொடுத்துவிடலாம் என்று தோன்றும். கணக்கு அப்படிப் போகாது. அறை எவ்வளவு பங்கு அதிகமோ அதே பங்கை டாக்டர் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம் போன்றவற்றிலும் வெட்டுவார்கள். இந்த வகையில் பில் 1,20,000 வந்தால் 60,000 தான் ஏற்பார்கள். மருந்து, உடலுக்குள் பொருத்தும் கருவிகள், பரிசோதனைகள் ஆகியவற்றில் பெரும்பாலான பாலிசிகள் இந்த வெட்டைப் போடுவதில்லை. முடிந்தால் ரூம் வாடகைக்கு வரம்பே இல்லாத பாலிசியாகப் பாருங்கள். இல்லையென்றால் அட்மிஷன் கவுண்டரிலேயே வரம்பைச் சொல்லி அதற்குள் அறை கேளுங்கள்.

கேஷ்லெஸ் (நாம் கட்டாமல் நிறுவனமே ஆஸ்பத்திரிக்கு நேராகப் பணம் கட்டுவது) விஷயத்தில் ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் 2024 மே மாதச் சுற்றறிக்கை கொஞ்சம் பலம் கொடுத்திருக்கிறது. ஆஸ்பத்திரி முன் அனுமதி கேட்டு அனுப்பினால் ஒரு மணி நேரத்துக்குள் நிறுவனம் முடிவு சொல்லவேண்டும். டிஸ்சார்ஜ் நேரத்தில் இறுதி அனுமதிக்கு மூன்று மணி நேரம். அதைத் தாண்டித் தாமதமாகி ஆஸ்பத்திரி கூடுதலாகப் பணம் கேட்டால் அந்தச் செலவு நிறுவனத்தினுடையது. பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு சாயங்காலம்வரை உட்கார்ந்திருக்கும் குடும்பங்கள் இதைத் தெரிந்துவைத்திருக்கவேண்டும். டி.பி.ஏ. (நிறுவனத்துக்காகக் கிளெய்ம் வேலையைப் பார்க்கும் இடைநிலை அமைப்பு) மேசையில் எத்தனை மணிக்கு அனுப்பினார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் கிளெய்ம் வாங்கினீர்கள் என்பதற்காக இந்த வருடம் புதுப்பிக்க மறுக்கக்கூடாது. 65 வயது தாண்டினால் புதுப் பாலிசி தர மறுக்கலாம் என்ற பழைய நிலையும் 2024 ஏப்ரலோடு மாறி, எல்லா வயதினருக்கும் நிறுவனங்கள் திட்டம் வைத்திருக்கவேண்டும் என்றானது. மூத்த குடிமக்களின் பிரீமியத்தை வருடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்துவதாக இருந்தால் ஆணையத்தைக் கலந்துகொள்ளவேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்தரவு வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை, அதற்கு முன் 18 சதவீதம். நிறுவனம் பிடிக்கவில்லை என்றால் வேறொன்றுக்கு மாறலாம், கடந்துவந்த காத்திருப்புக் காலமும் கூடவே வரும். புதுப்பிக்கும் தேதிக்கு 45 நாளுக்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.

அப்புறம், நிராகரித்தால் என்ன செய்வது? தனி ஓர் அதிகாரி நினைத்தால் கிளெய்மை மறுக்க முடியாது; நிறுவனத்தின் மறுஆய்வுக் குழு ஒப்புதல் தரவேண்டும். பாலிசியின் எந்த நிபந்தனைப்படி மறுக்கிறார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அடுத்து நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஆணையத்தின் ‘பீமா பரோசா’ இணையதளத்திலும் 155255 என்ற எண்ணிலும் புகாரைப் பதியலாம்.

ஒரு மாதமாகியும் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியாக இல்லை என்றால் ‘ஆம்புட்ஸ்மேன்’ எனப்படும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் ரூபாய்வரை கேட்கலாம். அவர் தரும் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும், உங்களைக் கட்டுப்படுத்தாது. நிறுவனம் கடைசியாக மறுத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் மனு போடவேண்டும். அதே விஷயம் நுகர்வோர் ஆணையத்திலோ நீதிமன்றத்திலோ நடந்துகொண்டிருந்தால் இங்கே எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

எங்கள் வீட்டில் நிராகரிப்புக் கடிதம் பீரோவில் கிடந்தே ஒரு வருடம் போய்விட்டது. மிச்சம் இருந்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். அங்கே இரண்டு வருடம்வரை அவகாசம் உண்டு. கட்டணத்துக்குக் கட்டிய பிரீமியத்தைத்தான் பார்க்கிறார்கள், கேட்கும் கிளெய்ம் தொகையை இல்லை. ஐந்து லட்சம்வரை கட்டணமே கிடையாது. பெரியப்பாவின் மருந்துச் சீட்டுகள், டிஸ்சார்ஜ் சம்மரி, கடைசியில் கேட்டு வாங்கிய அந்தப் படிவத்தின் நகல் எல்லாவற்றையும் வைத்து அங்கே மனு கொடுத்திருக்கிறோம்.