உங்கள் பாலம் யாருடையது?

இலங்கையின் மலையகத்தில் ஒரு சிறு பாலம் இடிந்துவிட்டால் முதல் வாரம் எல்லோரும் மழையைத் திட்டுவார்கள். இரண்டாவது வாரம்தான் உண்மையான சிக்கல் வெளியே வரும். அதைத் திருப்பிக் கட்ட வேண்டியது யார் என்று கேட்டால் பிரதேச சபை மாகாணத்தைக் கைகாட்டும். மாகாணம் தேயிலைத் தோட்டத்தைக் கைகாட்டும். தோட்டத்து முகாமையாளர், "காணிதான் எங்களுக்குக் குத்தகை, பாலம் எங்கள் கணக்கில் இல்லையே" என்பார். பாலங்களைப் பார்த்து அறிக்கை எழுதுவதுதான் என் வேலை. இந்த வேலையில் நான் முதலில் தேடுவது வெடிப்பை அல்ல. அந்தப் பாலத்தின் பெயர் எந்த அலுவலகத்தின் பதிவேட்டில் இருக்கிறது என்பதைத்தான். பதிவேட்டில் இல்லாத பாலத்துக்கு எஸ்டிமேட் போட முடியாது. எஸ்டிமேட் இல்லாவிட்டால் ஒரு மூடை சீமெந்துகூட வராது.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது இதை நாடே பார்த்தது. 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மலைச்சரிவுகள் வீடுகளையும் வீதிகளையும் கொண்டுபோயின. மலையக ரயில் பாதை துண்டு துண்டானது. அப்படியான நேரத்தில் பிரதான வீதிகளை முதலில் திறப்பது நியாயம்தான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த வரிசையில் கடைசிக்கும் கடைசியாக நிற்பவை தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இடையே ஓடும் ஓடைமேல் கிடக்கும் பாலங்கள். அவை வரிசையில் இருக்கின்றனவா என்பதே சந்தேகம்.

சரி, யாருடையது எது? ஏ, பி வகுப்பு வீதிகளும் அவற்றின் பாலங்களும் வீதி அபிவிருத்தி அதிகார சபையைச் சேர்ந்தவை. 1981ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான சபை அது. அவிசாவளையிலிருந்து ஹட்டன் வழியாக நுவரெலியா போகும் ஏ7, பேராதனையிலிருந்து கம்பளை, புசல்லாவை, றம்பொடை, நுவரெலியா, பதுளை என்று செங்கலடிவரை போகும் ஏ5 எல்லாம் அதில் அடங்கும். சி, டி வகுப்பு வீதிகள் மாகாணத்துக்கு. அதற்குக் கீழே உள்ள ஊர் வீதிகள் பிரதேச சபை, நகர சபை, மாநகர சபைகளுக்கு. ரயில் பாலம் என்றால் ரயில்வே திணைக்களம். அணைக்கட்டுமேல் போகும் பாதை என்றால் மின்சாரத் துறை, மகாவலி அதிகார சபை என்று வேறு கதவுகளைத் தட்ட வேண்டும். தெமோதரையில் 1921இல் கட்டிய ஒன்பது வளைவுப் பாலத்தைப் படம் எடுக்காதவர் இல்லை. அது ரயில்வேயின் சொத்து என்பதும் எல்லோருக்கும் தெரியும். தன் பிள்ளை தினமும் கடக்கும் பாலம் யாருடையது என்று கேளுங்கள், பத்தில் ஒருவர் சொன்னாலே அதிசயம்.

தோட்டப் பாதைகளின் கதை தனி. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் நிர்வாகம் பிராந்திய பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போனது. காணி அரசுடையது, நிர்வாகம் கம்பனியுடையது, பாதையில் நடப்பவர்களோ பிரதேச சபைக்கு வாக்களிப்பவர்கள். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டப்படி தோட்டத்துக்குள் சபை நிதியைச் செலவிடுவதற்கு நீண்டகாலம் தடை இருந்தது. 2018இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. அதே ஆண்டு பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கென்று புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபையும் சட்டத்தால் அமைக்கப்பட்டது. கதவு திறந்தது உண்மை. ஆனால் கதவு திறந்தவுடன் பாதை தானாகச் சபையின் பதிவேட்டுக்குள் நடந்து போய்விடாது. கையளிக்க வேண்டும், அளக்க வேண்டும், பதிய வேண்டும். பல இடங்களில் இது நடக்கவில்லை. "இப்பத்தான் சட்டம் வந்துட்டுதே" என்று சும்மா இருந்துவிட்டோம்.

ஒரு பாலத்தைக் கிட்டப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். ஒரு தோட்டத்தில் இரண்டு டிவிஷன்களுக்கு நடுவே வெள்ளைக்காரன் காலத்து இரும்பு உத்தரப் பாலம். மேலே கொங்கிரீட் தட்டு, பக்கத்தில் புதிதாக அடித்த வெள்ளைப் பெயின்ட். தோட்டத் தலைவர் கூடவே வந்தார்.

"நல்லாத்தானே சேர் இருக்கு? கொழுந்து லொறி எல்லாம் போகுதே."

ஒரு மூங்கில் கம்பை முறித்துக் கரைச்சுவரின் அடியில் விட்டேன். தடையே இல்லாமல் முழுக் கம்பும் உள்ளே போனது.

"என்னங்க சேர், உள்ள பொந்தா கெடக்கு?"

"ஆமாம் தலைவரே. லொறி இப்ப தட்டு மேலதான் போகுது, சுவரு மேல இல்ல."

ஈறு கரைந்த பல்லைப்போல அந்தச் சுவர் நின்றது. மேலே பார்க்கும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. பாலங்கள் பெரும்பாலும் பாரம் தாங்காமல் விழுவதில்லை. அடித்தளத்தைச் சுற்றியுள்ள மண்ணைத் தண்ணீர் அரித்தெடுப்பதால்தான் விழுகின்றன. ஓடையின் மேல்பக்கம் யாராவது மணல் அள்ளினால், மூங்கில் புதர் சரிந்து தூணில் சிக்கினால், ஓடை திசை மாறிச் சுவரைக் குடைய ஆரம்பிக்கும். அதனால் பாலத்தைப் பார்ப்பதென்றால் கீழே இறங்கித்தான் பார்க்க வேண்டும். சுவரில் விட்ட நீர்க்கசிவுத் துளைகள் அடைபட்டிருக்கின்றனவா, போன மழைக்குப் பின் அடியில் கல் நகர்ந்திருக்கிறதா, பாலமும் பாதையும் சேரும் இடத்தில் தார் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாகச் சொன்னது முக்கியம். அந்த இடத்தில் பள்ளம் விழுந்தால் கல்லைப் போட்டு நிரப்பிவிட்டுப் போகும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. கீழே மண் போய்க்கொண்டிருக்கிறது என்று அந்தப் பள்ளம்தான் சொல்கிறது. அதை நிரப்பி மறைத்துவிட்டால் அடுத்த எச்சரிக்கை வராது.

தொங்குபாலங்களில் இன்னொரு விஷயம் பாருங்கள். இரும்பு வடத்தை வளைத்து மடித்து 'யு' வடிவக் கிளிப் போட்டு இறுக்கியிருப்பார்கள். கிளிப்பின் தட்டையான அடிப்பக்கம், பாரம் தாங்கும் நீண்ட வடத்தில் உட்கார வேண்டும். 'யு' வளைவு வெட்டுமுனைப் பக்கம் இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் பாரம் தாங்கும் வடத்தையே வளைவு நசுக்கும். எல்லாக் கிளிப்பும் ஒரே பக்கம் பார்க்க வேண்டும். அழகுக்காக ஒன்றுவிட்டு ஒன்று மாற்றிப் போட்டதை நான் பார்த்திருக்கிறேன், அழகாகத்தான் இருந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் ஒரே கூட்டமாக ஏறுவதையும் ஆட்டிப் பார்ப்பதையும் ஆசிரியர்கள் தடுத்தால் நல்லது. பலகையைவிட வடத்தின் முனை கொங்கிரீட்டுக்குள் நுழையும் இடத்தில்தான் துரு பிடிக்கும், அங்கேதான் தண்ணீர் தேங்கும்.

அரித்த சுவருக்குக் கம்பிவலைக் கல்கூடை அடுக்கினாலே பல வருடம் தாங்கும். பெரிய செலவில்லை. அப்புறம் ஏன் நடப்பதில்லை? பணத்தின் நாட்காட்டிக்கும் மழையின் நாட்காட்டிக்கும் ஒத்துவராததுதான் பெரிய காரணம். அரசாங்கக் கணக்கு ஆண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பர் 31இல் முடிகிறது. நிதி ஒதுக்கீடு கைக்கு வந்து, எஸ்டிமேட் அங்கீகாரம் பெற்று, விலைமனு கோரி, ஒப்பந்தம் கொடுக்கும்போது செப்டம்பர் ஆகிவிடும். ஒக்டோபர், நவம்பர் மாதங்களில்தான் மலையகம் எங்கும் இடைப்பருவ மழை கொட்டும். ஆற்றுக்குள் அத்திவாரம் வெட்டக்கூடாத மாதத்தில்தான் நாங்கள் வெட்டுகிறோம். டிசம்பருக்குள் முடிக்காவிட்டால் பணம் திறைசேரிக்குத் திரும்பிவிடும் என்ற பயத்தில், மழையில் கொங்கிரீட் போடுகிறோம். ஹட்டன், நோர்வூட், கினிகத்தேனைப் பக்கம் மே மாதம் தொடங்கித் தென்மேற்கு மழை. பசறை, லுணுகலைப் பக்கம் டிசம்பர் தொடங்கி வடகீழ்ப் பருவமழை. மலைக்கு இந்தப் பக்கம் வேலை செய்ய நல்ல மாதம் அந்தப் பக்கத்துக்குக் கெட்ட மாதம். இரண்டு பக்கத்துக்கும் ஒரே சுற்றறிக்கை, ஒரே கடைசித் தேதி. மேற்குச் சரிவில் ஜனவரியிலிருந்து மார்ச் வரை வெயில் காலம். அப்போது கையில் பணம் இருந்தால் பாதிப் பாலங்கள் பிழைத்துக்கொள்ளும் என்பது என் கணிப்பு.

பராமரிப்புக்கு நாடா வெட்டு விழா கிடையாது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். வீதிக்கு அடியில் தண்ணீர் போகும் மதகைத் துப்புரவு செய்ததற்கு யாரும் பெயர்ப்பலகை வைப்பதில்லை. ஒரு ஹெக்டேயர் நிலத்தில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 10 லட்சம் லீற்றர் தண்ணீர். தேயிலை மலையில் வெட்டிய கான்கள், அதாவது வடிகால்கள், அந்தத் தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டுவது வீதியோர மதகில். மதகு அடைபட்டால் தண்ணீர் வீதிக்கு மேலே ஏறி மறுபக்கச் சரிவை வெட்டும். கான் தோட்டத்துடையது, மதகு வீதிக்காரருடையது. முன்பு தோட்டத்தில் கான் வெட்டுக்கு ஆள், காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டில் பெயர் சொல்லிப் போவார்கள். இப்போது பல தோட்டங்களில் அந்த வேலைக்கு ஆள் இல்லை. அதன் விலையை வீதி கொடுக்கிறது.

பஸ் விஷயத்துக்கு வருவோம். மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ்ஸுக்கு வழித்தட அனுமதி கொடுப்பது மாகாணப் போக்குவரத்து அதிகார சபை. மாகாணம் விட்டு மாகாணம் போனால் 1991ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்த தேசிய போக்குவரத்து ஆணைக்குழு. நம் ஆட்கள் இன்றும் சிடிபி என்று கூப்பிடும் இலங்கைப் போக்குவரத்துச் சபை (இ.போ.ச.) பஸ்ஸுக்கு அதன் டிப்போ. இவர்கள் யாரும் பாலக்காரர்கள் இல்லை. ஆள் நிறைந்த பெரிய பஸ் 15 டொன் அளவுக்கு வரும். பாலத்தில் ஒரு நாள் பாரக் கட்டுப்பாட்டுப் பலகை நட்டால் அந்தத் தகவல் டிப்போவுக்கு எப்படிப் போகிறது தெரியுமா? சாரதி வந்து சொன்னால்தான். பஸ் பாலத்துக்கு இந்தப் பக்கமே திரும்பிவிடும். மிச்சத் தூரத்துக்கு மக்கள் ஓட்டோவுக்குக் கொடுப்பார்கள். வழித்தட அனுமதியில் பழைய முடிவிடமே எழுதியிருக்கும், நேர அட்டவணையும் மாறாது. ஆறு மாதம் கழித்து அந்த வழியில் "பயணிகள் குறைவு" என்று ஒரு ஓட்டத்தை வெட்டுவார்கள்.

2023 ஜனவரியில் நானுஓயா ரதெல்லக் குறுக்குப் பாதையில் பாடசாலைச் சுற்றுலா பஸ் ஒன்று வேனிலும் ஓட்டோவிலும் மோதி ஏழு பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு பெரிய வாகனங்களுக்கு அந்தப் பாதை தடைசெய்யப்பட்டது. 2025 மே 11 அன்று கொத்மலை கெரண்டிஎல்லையில் கதிர்காமத்திலிருந்து குருநாகலுக்குப் போன இ.போ.ச. பஸ் பள்ளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த வளைவில் வீதி ஒருவருடையது, பஸ் இன்னொருவருடையது, வேகத்தைப் பார்ப்பது பொலிஸ். ஒவ்வொரு விபத்துக்கும் குழு போடுகிறோம். விபத்துக்கு முன்பு இவர்கள் எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து அந்த வளைவைப் பற்றிப் பேசும் இடம் எது?

சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்தை நிர்வகிப்பது தனிச் சபை. 1928இல் உருவானது, பாலம் 1937இல் திறக்கப்பட்டது. 1970களில் நெரிசலைக் குறைக்க அதே சபை படகுச் சேவையும் பஸ் சேவையும் தொடங்கியது. பாலத்துச் சுங்கக் காசில் ஒரு பகுதி பஸ்ஸுக்கும் படகுக்கும் போகிறது. ஆறு மாவட்டங்களிலிருந்து 19 பேர் இயக்குநர்களாக உட்கார்கிறார்கள், கூட்டம் மக்களுக்குத் திறந்தது. இதைச் சொன்னதும் "நமக்கும் மலையகப் பால அதிகார சபை வேண்டும்" என்று சிலர் எழும்புவார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. தவிசாளருக்கு ஒரு வாகனம், ஒரு கட்டடம், ஒரு பெயர்ப்பலகை, அதோடு முடிந்துவிடும். நமக்குச் சுங்கம் வசூலிக்கும் பாலமும் இல்லை. எடுக்க வேண்டியது பாலத்தைத் தெரிந்தவரும் பஸ்ஸை ஓட்டுபவரும் ஒரே கூட்டத்தில் இருக்கும் பழக்கத்தை மட்டும்தான். அதற்கு மாவட்ட, பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக்கள் போதும். மத்திய மாகாண சபையின் காலம் 2018இலும் ஊவாவின் காலம் 2019இலும் முடிந்து ஆளுநர்களின் கீழ் இருப்பதால், சி, டி வீதிகளைப் பற்றிக் கேள்வி கேட்க மாகாணத்தில் தெரிவான உறுப்பினர் என்று யாரும் இல்லை. 2025 மே மாதத் தேர்தலில் வந்த பிரதேச சபை உறுப்பினர்தான் கைக்கெட்டிய ஆள்.

அவரிடம் வாயால் சொல்லாதீர்கள், எழுத்தில் கொடுங்கள். "எமது பாலம் ஆபத்தான நிலையில் உள்ளது" என்று வரும் கடிதங்கள் கட்டுக்கட்டாக இருக்கின்றன, எந்தப் பாலம் என்றே தெரியாது. எந்த ஓடை, எந்த இரண்டு இடங்களுக்கு நடுவே, கிலோமீட்டர் கல்லில் என்ன எழுத்து என்ன இலக்கம் என்று எழுதுங்கள். பஸ் போகிறதா, கொழுந்து லொறி போகிறதா, எந்தப் பாடசாலைப் பிள்ளைகள் என்று சேருங்கள். கீழே இறங்கி எடுத்த படம் வையுங்கள். படத்தில் ஒரு கம்போ குடையோ பக்கத்தில் இருந்தால் அளவு புரியும். தோட்ட ஆபீசில் மழையை அளந்து எழுதுவார்கள், அந்தக் கணக்கையும் கேட்டுப் பாருங்கள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் எச்சரிக்கை, 150 தாண்டினால் வெளியேற வேண்டும் என்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அளவுகோல். மேலே சரிவில் வெடிப்புத் தெரிந்தால் கடிதத்துக்குக் காத்திருக்க வேண்டாம், 117க்கு அழையுங்கள்.

பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தமிழிலேயே கேட்கலாம். கேள்வி சின்னதாக இருக்கட்டும்: இந்தப் பாலம் உங்கள் பதிவேட்டில் உள்ளதா, கடைசியாகப் பரிசோதித்த தேதி என்ன, அறிக்கையின் பிரதி வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் தகவல் தர முடியுமா முடியாதா என்று அவர்கள் சொல்லியாக வேண்டும். "எங்கள் பதிவேட்டில் இல்லை" என்று பதில் வந்தால் கோபப்பட்டுக் கிழித்துவிடாதீர்கள். அதே கேள்வியை மாகாணத்துக்கும் கம்பனிக் காணியைப் பொறுப்பாக வைத்திருக்கும் அரச நிறுவனத்துக்கும் அனுப்புங்கள். மூன்று பேரும் இல்லை என்று எழுத்தில் சொன்ன கடிதங்களைப் பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவின் மேசையில் ஒன்றாக வைத்தால், பாலத்தை யாராவது ஒருவர் பெயரில் பதியாமல் கூட்டத்தை முடிப்பது அவர்களுக்குக் கஷ்டம். இதை ஜனவரியில் செய்யுங்கள். ஒக்டோபரில் வந்தால் எங்களிடம் பணமும் இருக்காது, வெயிலும் இருக்காது.